தட்டைக் கம்பி

இசைக்கருவிக் கடையின் கண்ணாடி மேசைமேல் மத்தியான வெயில் சாய்ந்து கிடக்கிறது. கடைக்காரர் பேஸ் கிதாருக்கான இரண்டு தந்திகளை உறையிலிருந்து உருவி, பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைக்கிறார். ஒன்றின்மேல் உருண்டைக் கம்பி சுற்றியிருக்கிறது. தொட்டால் அரம் மாதிரி சொரசொரக்கும். மற்றதில் தட்டைக் கம்பி. விரல் வழுக்கிக்கொண்டு போகும். "உங்களுக்குத் தட்டைதான்ணே சரி. விரலைக் கடிக்காது, சத்தமும் மெத்துன்னு இருக்கும்" என்கிறார். மனைவியோடு வந்து எதிரே நிற்கும், இருபது வருடமாக மேடைகளில் பேஸ் வாசித்தவர் தலையாட்டுகிறார். ஆறு மாதம் ஏறிய புற்றுநோய் மருந்து போன மாதம்தான் நின்றது. தலையில் முடி பூனைமயிராக முளைத்திருக்கிறது. அந்த மருந்தால் விரல் லேசாக மரத்த மாதிரி இருக்கிறது என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு முதல் தந்தியை வருடுகிறார். பிறகு அடுத்ததை. மறுபடியும் முதலாவதை. வெளியே ஒரு லாரி கீச்சிட்டுக்கொண்டே பின்னால் நகர்கிறது.

"ரெண்டும் தட்டையாவே எடுத்துப் போட்டுட்டீங்களே, தம்பி" என்கிறார்.

சிரிக்கப்போன கடைக்காரர், வாசிப்பவரின் பக்கத்தில் நிற்கும் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறார். அவள் சத்தமில்லாமல் குனிந்து, மேசைமேல் விரிந்திருக்கும் கணவரின் ஆள்காட்டி விரல் நுனியில் நகத்தை வைத்து அழுத்துகிறாள். இன்னும் கொஞ்சம் அழுத்துகிறாள். நகம் பதிந்த இடம் வெளுக்கிறது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"சொரசொரப்பா இருக்கிறதைக் குடுங்க, தம்பி. தொட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."