முதல் பரிசுக்காரன் பேசிய ஒரு வாக்கியம்

எங்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ஃபோர்மேன்கள் பேசுவது ஆஃப்ரிகான்ஸ் மொழி. பக்கத்து நாடான லெசோதோவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு அதை ஆறு மாதம் கற்றுக்கொடுத்தவள் நான்.

சான்றிதழ் விழாவில் லண்டனிலிருந்து வந்த கம்பெனி இயக்குநர் பூரித்துப்போனார். "மொழி தெரிஞ்சா விபத்து குறையும், உற்பத்தி கூடும். போட்ட காசு வீண் போகாது!"

முதல் பரிசு மொலெஃபிக்கு. ஷிஃப்ட் முடிந்ததும் குளிக்காமல்கூட வகுப்புக்கு ஓடிவருவான்.

"ஃபோர்மேன் ஆகணும்னு வெறியாடா உனக்கு?" என்று கேலி செய்வேன். சிரிக்கவே மாட்டான்.

"ஆஃப்ரிகான்ஸ்ல ஏதாவது பேசச் சொல்லுங்க, கேப்போம்," என்றார் இயக்குநர்.

மொலெஃபி ஃபோர்மேன் வென்டரைப் பார்த்தபடி ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் சொன்னான். மொழி தெரியாத இயக்குநர் கைதட்டினார். வென்டர் தட்டவில்லை.

"என்னம்மா சொன்னான்?"

தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன்.

"'உள்ள மாட்டினது ரெண்டே பேர்தான், மெஷினை நிறுத்தாதே'ங்கிறான் சார்."

மொலெஃபி என் பக்கம் திரும்பினான்.

"போன வருஷம் பாறை சரிஞ்சப்போ இந்த வென்டர் போன்ல சொன்னது டீச்சர். பக்கத்துலதான் நின்னேன். உள்ள என் அண்ணன். அன்னிக்கு எனக்குச் சத்தம் மட்டும்தான் மனப்பாடம் ஆச்சு. அர்த்தத்தை நீங்கதான் கத்துக்கொடுத்தீங்க."