ஆறாத சூப்

இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றங்கரை ‘நொண்டி நாரை’ விடுதியில் குதிரை வண்டிக் காலத்தில் ஒரு தந்திரம் உண்டு. பயணிகளுக்குச் சூப்பைக் கொதிக்கக் கொதிக்க வைப்பார்கள். வாயில் வைப்பதற்குள் வண்டி கிளம்புகிறதென்று வண்டிக்காரன் கொம்பூதுவான். அத்தனை பேரும் பட்டினியாக ஓடுவார்கள். மிச்சம் மறுபடி அண்டாவுக்குப் போகும்.

இப்போது அது ஓட்டல். பழைய லாயந்தான் சாப்பாட்டுக்கூடம். பரிமாறும் ஹெஸ்டருக்கு மதியமானால் இருப்புக்கொள்ளாது. சன்னலோர மேசையில் வைக்கும் சூப் மட்டும் ஆறுவதே இல்லை. வண்டி எதுவும் வராமலே ஆற்றுப் பாலத்துப் பக்கம் கொம்பு கேட்கும். அங்கே உட்கார்ந்தவர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, அசடு வழியத் திரும்புவார்கள்.

“இன்னிக்கும் யாராவது எழுந்து ஓடினா, உனக்கு இங்க வேலை இல்லடி,” என்றாள் முதலாளியம்மா.

ஹெஸ்டர் சூப்பில் ஐஸ்கட்டி போட்டு ஊதினாள்.

“சூப்புக்குத் தாலாட்டும் பாடேன்,” என்று சிரித்தான் சமையல்காரன் வில்ஃப்.

கொம்பு கேட்டது. ஒருவரும் எழவில்லை. சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கதவு திறந்தது. ஆற்றுத் தண்ணீர் சொட்டும், குதிரை வண்டிக் காலத்து நீளக் கோட்டோடு ஒருவர் வந்து, அந்த மேசையின் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். கரண்டியைத் துடைத்தார்.

“இப்பவாவது ஆறிடுச்சாம்மா?”