ஏணிப் படம்

"சண்டை எப்போ வரும்?" என்று கேட்டால் அவ்வளவுதான், ஆள் அவுட்.

அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்திருந்த சிங்கராயர் இன்னும் கேட்கவில்லை.

மாவ்பியில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் பிடித்து நேராக எங்கள் தின்கன்ஜூனுக்கு வந்துவிட்டார். எங்கள் தெருவுக்கு அன்று மத்தியானம்தான் கரண்டு முறை. கரண்டு வந்து, தெருப் பிள்ளைகள் "மீ லா ப்பீ!" என்று பர்மிய மொழியில் கத்தியதும் மற்ற வீடுகளில் மோட்டார் போட்டார்கள், குக்கரில் அரிசி வைத்தார்கள். நான் மலையாளப் படம் போட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. மாப்பிள்ளை என்று யார் வந்தாலும் முதலில் ஒரு மலையாளப் படம் பார்த்தாக வேண்டும். வழக்கத்தை உண்டாக்கியவள் நான்தான்.

வரன் கொண்டுவரும் தங்கம்மாள் அக்காவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"இப்படியே படம் காட்டிக்கிட்டிரு. இந்த வீட்டுல இனிமே கல்யாணம் நடந்த மாதிரிதான்," என்று என் காதில் கடித்தார்.

நடக்காவிட்டால் போகட்டும். தப்பான ஆளை உள்ளே விட்டுவிட்டு ஆயுசுக்கும் யார் அனுபவிப்பது? டீ குடிக்கிற நேரத்துக்கு எல்லா ஆம்பளையும் நல்லவன்தான். தமிழ்ப் படம் போட்டால் எல்லாருக்கும் வீரம் வந்துவிடும், அதை வைத்து ஆளை எடைபோட முடியாது. மலையாளப் படத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் வண்டவாளம் தானாக வெளியே வரும்.

இந்தப் படத்தில் ஒருவர் பக்கத்து வீட்டுக்கு ஏணியை இரவல் கொடுக்கிறார். அது திரும்பி வரவில்லை. கேட்கவும் கூச்சம். அவ்வளவுதான் கதை. நாயகன் மழையில் நனைகிறார், மீன் வாங்குகிறார், மதிலுக்கு மேல் ஏணியை எட்டிப் பார்க்கிறார், சாப்பிடுகிறார், திரும்பவும் எட்டிப் பார்க்கிறார். கீழே பர்மிய எழுத்து ஓடுகிறது. பாதியைக் காது பிடித்துக்கொள்ளும், மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு அது போதும்.

முதலில் வந்தவர் கால் மணி நேரத்திலேயே சண்டையைக் கேட்டுவிட்டார். அடுத்தவர் போனைத் தடவ ஆரம்பித்தார். மூன்றாமவர், ஒரு ஏணிக்கு இவ்வளவு அலட்டலா, நானாக இருந்தால் ரெண்டு அறை விட்டு வாங்கியிருப்பேன் என்றார். அவரை டீகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

சிங்கராயர் கைலியை முழங்காலுக்குள் செருகிக்கொண்டு, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியைக் கேட்கப் போன நாயகன், அதைக் கேட்காமல் ஒரு சீப்பு நேந்திரம்பழத்தை வாங்கிக்கொண்டு திரும்பியபோது வயிறு குலுங்கச் சிரித்தார்.

எனக்கு ஆளைப் பிடித்துவிடும்போல இருந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது. அவசரப்படாதே ஜெசி, இன்னும் பாதிப் படம் இருக்கிறது.

பிறகு அந்த இடம் வந்தது.

ஏணிப் பஞ்சாயத்துக்குச் சொந்தபந்தமெல்லாம் நாயகன் வீட்டில் கூடிவிட்டது. அவர் மனைவி பரிமாறுகிறாள். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. மீன் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டுகளுக்குப் போகின்றன. எல்லாரும் கை கழுவிய பிறகு அவள் சட்டியைச் சாய்த்து, அடியில் இருப்பதைக் கரண்டியால் சுரண்டுகிறாள். சுரண்டிக்கொண்டே இருக்கிறாள்.

சிங்கராயர் நெளிந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். போச்சுடா, இவரும் போனை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் டிவியை விட்டுவிட்டு உள் அறைக் கதவைப் பார்த்தார்.

"ஏம்மா ஜெசி, நாங்க வந்ததுலேருந்து பயாஜோ வடையும் டீயுமாத் தின்னுக்கிட்டே இருக்கோம். உள்ள அம்மா சாப்பிட்டாங்களா?"

சத்தியமாகத் தெரியவில்லை. காலையில் எழுந்து பருப்பு அரைத்து வடை சுட்டது அம்மா. வீட்டைக் கூட்டித் துடைத்ததும் அம்மாதான். நான் டிவியைத் துடைத்தேன், பென் டிரைவைத் தேடி எடுத்தேன், வருகிறவர் லட்சணத்தைப் பார்க்கச் சட்டமாக உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தங்கம்மாள் அக்கா என்னைப் பார்த்தார். நான் எழுந்து உள்ளே போனேன்.

அம்மா கட்டில் ஓரத்தில், கசங்கிவிடக் கூடாதென்று பட்டுப்புடவையை ஒதுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நரைத்த கொண்டையில் மல்லிகை. அப்பா போன பிறகு இன்றுதான் பூ வைத்திருக்கிறாள்.

"சாப்பிட்டியாம்மா?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"போடி! பொண்ணு பாக்க வந்திருக்கும்போது கல்யாணப் பொண்ணு எங்கயாவது சாப்பிடுமா?"