டேரா

விருந்தாளி கிளம்பாவிட்டால் ஒரு மனிதர் என்னென்ன செய்வார்? முகத்தைச் சுளிப்பார். தேநீரில் சர்க்கரையைக் குறைப்பார். காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மாமா இதில் எதையுமே செய்யவில்லை. ஒரு கூடாரம் வாங்கி வந்தார்.

அதைப் பார்த்ததுமே மாப்பிள்ளைக்குச் சந்தேகம் தட்டியது.

“வேற வீடு அமையுற வரைக்கும், ஒரு வாரம்தான் மாமா” என்று மனைவி பாப்பாவின் தாய்மாமன் வீட்டில் பெட்டியை இறக்கியவன், மூன்றாவது மழைக்காலத்தை அதே மாடியறை ஜன்னலில் ரசித்துக்கொண்டிருந்தான். கையில் வேலை இல்லை. இந்த வீட்டை விட்டால் தெருதான்.

மாமா ஒண்டிக்கட்டை. பூட்டுக்கடை நடத்தி ஓய்ந்தவர். இத்தனை நாளில் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவர்தான் திடீரென்று, “பாப்பா, காட்டு ஏரிக்கரையில ரெண்டு நாள் கூடாரம் அடிச்சுத் தங்கலாமா?” என்று கேட்டார். காட்டு ஏரி என்றது மாப்பிள்ளையின் காதில் காட்டேரி என்றே விழுந்தது.

கூடத்துத் தரை முழுக்கச் சாமான்கள். ஆரஞ்சு நிறக் கூடாரம், நைலான் கயிறு, கைக்கோடாலி, பளபளவென்று ஒரு மண்வெட்டி.

“மண்வெட்டி எதுக்கு மாமா?”

“மழை வந்தா கூடாரத்தைச் சுத்தி வாய்க்கால் வெட்டணும்ல? நல்லா ஆழமா வெட்டணும் மாப்பிள்ளை.”

“அங்கே போன் எடுக்குமா?”

“ஒரு கோடுகூடக் காட்டாது. என்ன நிம்மதி!” மாமா கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

“கலர் பிரமாதம் மாமா” என்றாள் பாப்பா.

“போன தடவை பச்சை வாங்கினேன். என் சிநேகிதன் ஒருத்தனுக்கு. அவனையும் இதே ஏரிக்குத்தான் கூட்டிட்டுப் போனேன்.”

“இப்ப அவர் எங்கே இருக்கார்?” மாப்பிள்ளை மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அங்கேயேதான். திரும்பி வரவே இல்லை” என்றபடி மாமா கயிற்றில் ஒரு முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

மாடிக்கு வந்ததும் மாப்பிள்ளை கதவைச் சாத்தினான். “பாப்பா, அவர் நம்மளைத் தீர்த்துக்கட்டப் போறார்!”

“உங்களைத் தீர்த்துக்கட்ட மண்வெட்டி எதுக்கு? வேலைக்குப் போங்கன்னு சொன்னாலே உயிர் போயிடுமே.”

“விளையாடாதே. வரலைன்னு சொல்லிடு.”

“சரி, சொல்றேன். ‘அப்ப உங்க வழியைப் பாருங்க’ன்னு மாமா சொல்லிட்டார்னா?”

மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து யோசித்தான். உயிரா, ஓசி வீடா? வெகுநேரம் இழுபறியாக இருந்தது. கடைசியில் வீடுதான் ஜெயித்தது.

கிளம்பும் நாளில் அவன் சந்தேகம் இன்னும் தடித்தது. துணிமணி ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்ளச் சொன்னார் மாமா. சர்டிபிகேட் பையைக்கூட விடவில்லை.

“காட்டுக்குள்ள சர்டிபிகேட் எதுக்கு மாமா?”

“காட்டுல யாராவது கேட்டா காட்ட வேண்டாமா?” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். “உங்க சாவியையும் குடுங்க. ஏரியில போட்டுடப் போறீங்க.”

வாசல் கதவைப் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். “சாவி யார் இடுப்புலயோ, வீடு அவன் வீடு. எங்க தொழில்ல சொல்ற வார்த்தை மாப்பிள்ளை.”

நாங்கள் இங்கே இருந்ததற்கு ஒரு நூல்கூடத் தடயம் இல்லை என்று நினைத்தபடி காரில் ஏறினான் மாப்பிள்ளை.

அடர்ந்த மரங்களுக்கு நடுவே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைப் போலக் கிடந்தது ஏரி. ஆள் நடமாட்டம் இல்லை. கூடாரத் துணியைப் பிடிக்கச் சொல்லி அவனைக் குனியவைத்த மாமா, கோடாலியை ஓங்கினார். மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

டங்!

கோடாலியின் பின்பக்கம் முளைக்குச்சியின் தலையில் இறங்கியிருந்தது.

“ஏன் மாப்பிள்ளை வேர்க்குது? அடடா, ஐஸ் வாங்க மறந்துட்டேன். இருங்க, இதோ வந்துடறேன்.”

கார் மரங்களுக்குள் மறைந்தது. இவரையா சந்தேகப்பட்டோம் என்று மாப்பிள்ளைக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் பொழுது சாய்ந்த பிறகும் ஐஸும் வரவில்லை, மாமாவும் வரவில்லை.

புதர் மறைவிலிருந்து கெட்டிலோடு ஒரு தாடிக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால், வெயிலில் வெளுத்த பச்சைக் கூடாரம் தெரிந்தது.

“ஐஸ் வாங்கப் போயிருக்காரா?” என்று கேட்டபடி மூன்று தம்ளர்களில் தேநீரை ஊற்றினார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் ஐஸ்தான். சர்டிபிகேட் எல்லாம் கொண்டு வந்துட்டீங்களா? கொடுத்துவெச்சவங்க. என் காகிதமெல்லாம் உள்ளேயே மாட்டிக்கிச்சு.”

பாப்பாவுக்கு விஷயம் புரிந்து கண்கள் விரிந்தன. மாப்பிள்ளை துள்ளி எழுந்தான். “காலையில முதல் வேலையா போய்க் கதவைத் தட்டுறேன்!”

“தட்டிப் பார்த்தாச்சு தம்பி. பூட்டை மாத்திட்டார். போலீஸ்ல சொன்னேன். ‘சாவி யார்கிட்ட இருக்கு?’ன்னு கேக்கறாங்க.”

அந்த நிலைமையிலும் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பின்னே? விருந்தாளிக்காகவா போலீஸ் வரும்? அவர் வீடு, அவர் பூட்டு. ஓசியில டேரா போட்டது நாமதானே சார்?”

தாடிக்காரர் தேநீரை ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார்.

“யாரு வீடு? அது என் வீடு தம்பி. உங்க மாமாதான், ‘ஒரு வாரம்தான்’னு பெட்டியோட வந்து இறங்கினாரு.”