கண்மாயில் இறங்கிய விமானம்

திருவரங்குளத்துக்கு அருகே வறண்ட கண்மாயில் செம்மலின் குட்டி விமானம் வெயிலில் நிற்கிறது. பறக்கும்போதே இன்ஜின் நின்றுபோக, எப்படியோ இங்கே பத்திரமாக இறக்கிவிட்டான். அவனோடு பறந்து வந்த மனைவி ஐஸ்வர்யா கருவேல நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். காரில் வந்த மெக்கானிக் ஷீபா, இறக்கைக்கு அடியில் குனிந்து, பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குடைகிறாள். காய்ந்த மண் அவள் உள்ளங்கையில் உதிர்கிறது. “குளவி கூடு கட்டியிருக்குங்க. காத்து போகாம பெட்ரோல் எறங்கல. கெளம்புறப்ப இதப் பாத்தீங்களா?” செம்மல் தலையைக் குனிந்துகொள்கிறான். “பாக்கலங்க.” ஐஸ்வர்யா எழுந்து வருகிறாள். அவனைப் பார்க்காமல் ஷீபாவிடம் கையை நீட்டிக் கம்பியை வாங்குகிறாள். “அங்கிட்டு இருக்க எறக்கையிலயும் இதே மாதிரி குழா இருக்குமாக்கா?” “இருக்கும்மா.” செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுமண்ணில் முழங்காலிட்டு, அடுத்த இறக்கைக்கு அடியில் தலையை நுழைக்கிறாள். அங்கிருந்தே கணவனிடம் சொல்கிறாள்: “இனிமே நான் பாத்த பெறகுதாங்க ஏறுவேன்.”