மதியத்தில் நிற்கும் காற்று

"என்னம்மா, முகம் வாடிக் கெடக்கு?" பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டியபடியே மருமகளைக் கேட்டார் மாமனார்.

"இந்தக் கடல்ல காத்தாலை வைக்க முடியாது மாமா. காலைல பிச்சுக்கிட்டு அடிக்கிற காத்து, மதியமானா அடியோட நின்னுடுது. நாளைக்கு அறிக்கை குடுத்துட்டா, எங்களை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. பாப்பாவையும் கூட்டிட்டுத்தான் போகணும்."

மாமனார் பேத்தியை இறுக அணைத்துக்கொண்டார். "மதியம் காத்தில்லைன்னு யாரு சொன்னா? கொடியில போட்ட துணியெல்லாம் பறக்குதே!"

"மொட்டை மாடியில காத்தை அளக்க நான் வெச்சிருக்கிற கருவி சொல்லுது மாமா."

"அட, அதுவா!" மாமனார் நிம்மதியாகச் சிரித்தார். "அது கிரீச் கிரீச்னு சுத்தி பாப்பாவைத் தூங்க விடாதும்மா. அதான் மதியத்துல துண்டால கட்டிப் போட்டுடுவேன். நீ கவலைப்படாதே, பாப்பா முழிச்சதும் மறக்காம அவுத்து விட்டுடுவேன்."