பாசி பிடித்த தொட்டிகள்

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மாப்பிள்ளை தொட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

மாமனார் நர்சரி வைத்திருந்தார். செடி பட்டுப்போய்த் திரும்பி வந்த மண் தொட்டிகள் பின்புறத்தில் குவிந்து கிடந்தன.

காய்ந்த மண்ணைத் தட்டி உதிர்த்தான். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி ஊறவைத்தான். விளிம்பில் பூத்திருந்த உப்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, நல்ல தண்ணீரில் அலசினான். பழைய செடியின் நோய் புதுச் செடிக்கு ஒட்டிவிடக் கூடாதாம். போனில் வீடியோ பார்த்துப் படித்த பாடம்.

சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவி அறியாதவன்.

காரணம் இல்லாமல் இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று பெட்டியோடு மாமனார் வீட்டுக்கு வந்தவன் அவன். வேறு வேலை கிடைத்தது, சம்பளமும் வந்தது, ஆள் மட்டும் கிளம்பவில்லை. மாடி அறையில் ஏசி. கண் விழித்தால் கட்டிலுக்கே காப்பி. கூடவே மாமியாரின் கைப்பக்குவம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்தவனுக்கு நல்ல மாமியார் வாய்க்கவில்லை என்பது இவன் கட்சி.

தனி வீடு பார்க்கலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம் ஆகட்டும் என்பான். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

மாப்பிள்ளையைப் பார்த்து 'கிளம்பு' என்று சொல்ல எந்த மாமனாருக்கும் வாய் வராது. அந்தத் தைரியத்தில்தான் இவன் பிழைப்பு ஓடியது.

ஆனால் போன வாரம் மாமனார் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து மாடி அறையை அளந்தார். விதை வைக்கும் கிடங்காக மாற்றப் போகிறாராம். அறை கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் அவர் மனம் குளிர ஏதாவது செய்தாக வேண்டும்.

யோசனை சொன்னது மனைவிதான்.

"தொட்டியெல்லாம் சுத்தமா இருந்தா அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். பின்னால நிழல் வலைக்குக் கீழ பச்சை பிடிச்சுக் கிடக்கே, அதையும் விட்டுடாதீங்க."

எள் என்றால் எண்ணெயாக நின்றான். தேய்த்த தேய்ப்பில் பச்சைத் தொட்டிகள் அப்போதுதான் சூளையிலிருந்து இறங்கியவை மாதிரி சிவந்தன. விரல்களில் தோல் உரிந்தது. இடுப்பு தனியாகக் கழன்றுவிடும் போலிருந்தது. எல்லாவற்றையும் வெயிலில் வரிசையாகக் கவிழ்த்துவிட்டு, மாமனார் வரும் வழியில் தற்செயலாக நிற்பவன் போல நின்றான்.

மாமனார் வந்தார். பார்த்தார். கவிழ்த்து வைத்த ஒரு தொட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பழசாத் தெரியணும்னு ஹோட்டல்காரங்க சொல்லிவச்ச தொட்டி மாப்ளே இது. மழைக்காலம் பூரா மோர் தடவித் தடவி வளர்த்த பாசி. சரி விடுங்க, நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? நான் போய் அவங்க கால்ல விழுந்துக்கறேன்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அவர் திட்டியிருந்தால் இவன் துடைத்துப் போட்டுவிட்டு மாடிக்கு ஏறியிருப்பான். பெரிய மனுஷர் அழுவதைத்தான் தாங்க முடியவில்லை. இனி எந்த முகத்தோடு இந்த வீட்டில் தட்டின் முன்னால் உட்காருவது?

அவன் வாயாலேயே சொல்லிவிட்டான், இன்றைக்கே கிளம்பிவிடுகிறோம் என்று.

மாமனார் தடுத்தார். ஒரே ஒரு தரம்.

மாடிக்குப் போனபோது பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. மனைவி கைகாரி. வக்கணையாகச் சாப்பிடுகிற ஆள் போகிறாரே என்று மாமியார் வாசல்வரை அழுதுகொண்டே வந்தாள்.

கார் நர்சரியை ஒட்டிய சந்தில் திரும்பியது. பக்கவாட்டுக் கேட்டில் ஒரு லாரி நின்றது. ஆட்கள் வைக்கோல் சுற்றித் தொட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று விடாமல் எல்லாத் தொட்டியிலும் அடி முதல் விளிம்பு வரை பசேலென்று பாசி. உரசாமல் பார்த்து ஏற்றும்படி மாமனார் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால், இவன் கழுவிக் காயவைத்த தொட்டிகளில் வேலையாட்கள் புதுக் கன்று நட ஆரம்பித்திருந்தார்கள்.

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் முன்னால் சாய்ந்து, புது வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.